மூன்று நேரக் குளிசை

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா ஜெமீல் கக்கூசிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"தார் மாதிரிக் கறுப்பாப் போகுது, மகள்," என்றார் நிலத்தைப் பார்த்தபடி.

"பேரீச்சம்பழம் திண்டதுதான்," குசினியிலிருந்து தீர்ப்புச் சொன்னார் உம்மா றுக்கியா.

மகள் நிஸ்ரின் ஓடிப்போய் வாப்பாவின் மருந்துக் குளிசை உறைகள் இரண்டையும் எடுத்து வந்தாள். அந்த வீட்டில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். படித்தது அரசறிவியல், ஆனால் பாலாவி உப்பளத்து ஒழுங்கையில் எவருடைய குளிசை உறையையும் வாசிப்பவள் அவள்தான். நோன்பு தொடங்கிய அன்று வாப்பா கேட்டார்: "முழங்கால் நோவுக் குளிசை மூணு நேரம். நோன்போட எப்பிடிப் போடுற?" அவள் போனிலிருந்து தலை தூக்கவில்லை. "நோன்பு திறந்தோடனே மூணையும் போடுங்க."

பதினொரு நாளாக, பாங்கு சொன்னதும் வெறும் வயிற்றில் மூன்றையும் விழுங்கியிருக்கிறார். கஞ்சி பிறகுதான்.

இப்போது போனில் தேடினாள். வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் ஒரு பொருள் உடம்பில் ஊறுவதைக் குளிசை தடுக்குமாம். இரைப்பையின் உள்தோலைக் காப்பதும் அதே பொருள்தானாம். அது குறைந்தால் உள்ளே புண்ணாகி இரத்தம் கசியும், அந்த இரத்தம்தான் கறுப்பாகப் போகுமாம். இதுவரை விளங்கியது. மற்ற உறையில்தான் குழம்பினாள். வாப்பாவுக்கு மாரடைப்பு வந்த பிறகு கிளினிக்கில் கொடுக்கும் அஸ்பிரின். அதுவும் இதே குடும்பம். இரத்தத்தை உறைய விடாது. உறையாவிட்டால் புண் எப்படி அடைபடும்? நிறுத்தினால் நெஞ்சு என்னாகும்?

"எதை நிப்பாட்டுற?" என்றார் வாப்பா.

"தெரியா."

"படிச்ச புள்ளதானே!" என்றார் உம்மா.

"நான் படிச்சது பாராளுமன்றம், இரைப்பை இல்ல!"

உம்மாவோடு கோபம். ஒரு கேள்வியும் கேட்காமல் முழங்கால் குளிசையை விற்ற மருந்துக் கடைக்காரனோடு கோபம். எங்கே சுற்றினாலும் அது அவள் தலையிலேயே வந்து விழுந்தது.

இரண்டு உறைகளையும் பைக்குள் திணித்து, பக்கத்து வீட்டு ஹாசிமின் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

"நோன்பு திறந்திட்டுப் போவம்," என்றார் வாப்பா.

"இப்பவே! நாந்தான் பிழையாச் சொன்னது. ஆஸ்பத்திரியில அதையும் சொல்லுவன்."

பாதி வழியில் ஹாசிம் தலையைத் திருப்பி வாப்பாவைப் பார்த்தான். "நானா, நெஞ்சுக் குளிசைய விட்டுட்டுப் பாருங்க. எங்கட மாமாவும் அப்பிடித்தான்..."

"நீங்க ஒண்டும் சொல்லாதீங்க!" நிஸ்ரின் கத்தினாள். "ரோட்டப் பாருங்க!"

ஹாசிம் முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஊசி போட்டா நோன்பு முறியுமா, மகள்?" வாப்பா மெதுவாகக் கேட்டார்.

வாய்வரை வந்த பதிலை அவள் விழுங்கிக்கொண்டாள்.