பதினோரு பக்கக் கதவு

என் நாவலைப் படமாக எடுக்கிறேன் என்று கிளம்பிய தங்கை, தன் வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்க அட்டைகளைக் குத்தி வைத்திருந்தாள். சிவப்பு அட்டை என்றால் நீக்கினால் கதை இடிந்துவிடும் சம்பவம். மஞ்சள் என்றால் நீக்கினாலும் கதை நிற்கும். ஒன்பது வருடம் கழித்து அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்கும் மகள், தட்டலாமா திரும்பிவிடலாமா என்று தவிக்கிற என் பதினோரு பக்கத்துக்கு மஞ்சள்! உயிரைக் கொடுத்து எழுதிய பக்கங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் அந்த அட்டையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போடுவாள். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து நான் எடுத்து மறுபடி குத்துவேன். மூன்று நாள் இப்படியே ஓடியது. நான்காம் நாள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

“என்ன நடந்துச்சுங்கறது கதை. அதை எந்த வரிசையில, யார் கண்ணு வழியா காட்டுறோம்ங்கறது சொல்ற விதம்,” என்றாள் தங்கை. “கதை உன்னோடது, அதைத் தொடவே மாட்டேன். சொல்ற விதம் மாறித்தான் ஆகணும். உன் பேனா அவ மனசுக்குள்ள போகும், கேமரா வெளியதான நிக்கும்?”

“அப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” ஒப்பந்தத் தாள் மேசையில் கிடந்தது.

“சரி, அந்தப் பகுதிய விட்டுட்டு இவருக்குக் கதைய சொல்லு. கதை நின்னா என் பேச்சுதான் செல்லும். விழுந்தா உன் பதினோரு பக்கமும் அப்படியே படத்துல.”

இவர் என்பது தங்கை கணவர். என் நாவலைப் படித்துவிட்டதாக இரண்டு வருடமாகச் சாதிப்பவர்.

சொல்ல ஆரம்பித்தேன். வாசல் வந்தது. “வந்து நின்னா,” என்றேன். அதற்கு மேல் சொல்லக் கூடாது. வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அவளை அப்படியே விட்டுவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவ மனம் வரவில்லை.

அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “தட்டிடுங்க அக்கா! அட, தட்டிடுங்க!”

அப்போதுதான் கவனித்தேன். என் வலது கை, கதவைத் தட்டுவதுபோல் விரல்கள் மடங்கி, அந்தரத்தில் நின்றிருந்தது.

“மூணு தடவை தூக்கின, மூணு தடவை இறக்கின, நடுவுல துணியில துடைச்சுக்கிட்ட,” என்ற தங்கைக்குக் கண் கலங்கியிருந்தது. “பதினோரு பக்கமும் அந்தக் கையில இருந்துச்சுக்கா.” ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, ‘கை’ என்று எழுதி, சுவரின் நடுவில் குத்தினாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதே கையால் கையெழுத்துப் போட்டேன்.

“அதெல்லாம் இருக்கட்டும்,” என்றார் இரண்டு வருடத்துக்கு முன்பே படித்து முடித்தவர். “கதவ யாரு திறந்தாங்க?”