கிருபாசங்கரின் முடிதிருத்தகம்

1995ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வீசியும் வெயில் தணியவில்லை. கருமத்தம்பட்டியை அடுத்த சிற்றூர் ஒன்றின் கோயில் மண்டபத்தில், கோயில் குழுத் தலைவர் அங்கப்பன் பேனாவைத் திறந்தபடி அமர்ந்திருந்தார். கோயிலுக்குச் சொந்தமான கட்டடத்தில் நடக்கும் முடிதிருத்தகம் காலி செய்யப்பட வேண்டும் என்ற தீர்மானம் அவர் முன் இருந்தது. அவர் கையெழுத்து ஒன்றே பாக்கி. கடைக்காரன் அவருடைய ஒரே மகன் கிருபாசங்கர்.

பி.காம். முடித்து, இரண்டாண்டு வேலை தேடி அலைந்த கிருபாசங்கர், கோயம்புத்தூரில் முடிதிருத்தக் கற்றுத் திரும்பினான். "தோட்டங்காடு இருக்கறவன் செய்யற வேலையாடா இது?" என்று அங்கப்பன் அவனை வீட்டைவிட்டு அனுப்பினார். அவன் கோயில் கட்டடத்தில் கடை திறக்க, அவன் மனைவி வர்ஷினி கல்லாவில் அமர்ந்தாள். தாய் செல்லாத்தாள் கணவரோடு சண்டையிட்டுக்கொண்டே கடைத் துண்டுகளைத் துவைத்துக் கொடுத்தாள். ஒற்றை நாற்காலி ஐந்தாயிற்று. முகூர்த்த நாள்களில் ஈரோட்டிலிருந்தும் மாப்பிள்ளைகள் வந்தார்கள். தோற்றிருந்தால் ஊர் அவனை மன்னித்திருக்கும்.

"கையெழுத்தப் போடுங்க மாமா," என்றார் விசைத்தறி முதலாளி ரங்கராஜ். "நம்ம பையன் கண்டவன் தாடியையும் செரைக்கறான்னு தெரிஞ்சா, எங்கூட்டுப் பசங்களுக்கு வெளியூர்க்காரன் பொண்ணு தருவானுங்களா? கடைய மூடாட்டி, நோம்பிக்கு உங்களுக்குப் பரிவட்டம் இல்லீங்க, பாத்துக்கங்க."

கோயில் திருவிழாவில் முதல் மரியாதையாக, அங்கப்பனின் பாட்டனார் தலையிலும் ஏறிய பரிவட்டம் அது. அவர் தாளின்மேல் குனிந்தார்.

தூணோரம் நின்றிருந்த செல்லாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங் மாப்ள, உங்க மீசைக்கு மை அடிச்சுவுட்டது ஆருங்க? பொதங்கெழம இருட்டுனதுக்கப்பறம் பின்வாசல்ல நொழைஞ்சீங்களே, எனக்குத் தெரியாதுங்களா?"

மண்டபம் சிரித்தது. ரங்கராஜின் கை தன்னையறியாமல் மீசைக்குப் போயிற்று. அந்த அவமானத்தை இறக்கிவைக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வாசலுக்கு வெளியே, வெயிலில், செருப்பில்லாமல் ஐயாசாமி நின்றிருந்தார். தலைமுறை தலைமுறையாக அந்த ஊருக்கு முடிதிருத்திவந்த குடும்பத்தவர். இப்போது கிருபாசங்கரின் கடையில் வேலை. வயது அறுபதுக்கு மேல். ரங்கராஜுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

"டேய் ஐயாசாமி, நீதானடா அவனக் கெடுத்தது? உங்க தொழில உங்களோட வெச்சுக்கறதுதான?"

ஐயாசாமி இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த ஊரில், அந்த வாசலில், அதற்குமுன் அவர் குடும்பத்தில் எவரும் அப்படிச் செய்ததில்லை.

"தம்பி செய்யறது கேவலமுங்களா? அப்ப நாப்பது வருசமா நான் செஞ்சதுக்கு என்ன பேருங்க? உங்க கல்யாணத்துல மங்கல வாழ்த்துப் பாடுனது நாந்தானுங்க. நான் வாழ்த்துனாத்தான் கல்யாணம் நெறஞ்சுதும்பீங்க. பந்தியில மட்டும் எனக்கு எடமில்லீங்க."

அங்கப்பனின் திருமணத்தில் பாடியவரும் அவரே. பாடி முடித்தவர் எங்கே உண்டார் என்று அங்கப்பன் அன்று கேட்கவில்லை. அதற்குப் பின்னும் கேட்கவில்லை. தம் மகன் தொட்டால் இழிவு என்று தாம் துடித்த தொழிலை, இன்னொரு குடும்பம் பரம்பரையாகச் செய்வதுதான் முறை என்று அவரே பலமுறை பேசியிருக்கிறார். முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

"மாமா," என்றாள் மாமியாரின் பக்கத்தில் நின்றிருந்த வர்ஷினி. "அவரு வர முடியலீங்க. கடையில ஆளுக காத்திருக்காங்க. எதுன்னாலும் சீக்கிரம் எழுதுங்க."

அங்கப்பன் தீர்மானத்தின் குறுக்கே 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

"என்ன மாமா பண்ணிப்போட்டீங்க!" என்றார் ரங்கராஜ்.

"பரிவட்டத்த நீயே கட்டிக்க, ரங்கராஜு. எந்தத் தொழிலும் கேவலமில்ல. ஒரு மனுசங்கிட்ட வேலையும் வாங்கிட்டு, வாழ்த்தும் வாங்கிட்டு, அவனையே வெயில்ல நிக்க வெக்கறமே, அதுதான் கேவலம். எம்மவனச் சொன்னப்பறந்தான் எனக்கே ஒறைச்சுது. அது அதையுங்காட்டி கேவலம்."

அவர் எழுந்து வாசலை நோக்கினார். "ஐயாசாமியண்ணா, உள்ள வாங்க."

ஐயாசாமி அவசரப்படவில்லை. படியேறி வந்தார். கையெழுத்திட்ட தாளை அங்கப்பன் இரு கைகளாலும் அவரிடம் கொடுத்தார்.