வரிசையில் முடங்கிய மெயில்கள்

அம்மாவின் போட்டோக்களை ஸ்கேன் செய்து, என் பழைய கம்ப்யூட்டரிலேயே ஒரு தளம் அமைத்திருந்தேன். அடுத்தவன் சர்வரில் என் அம்மா எதற்கு என்ற வீம்பு. உறவுக்காரர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டைப் போனில் சொன்னேன். அக்காவோடு மட்டும் பேச்சில்லை. அம்மா போன பிறகு அந்த ஆல்பங்களுக்காகத்தான் முறைத்துக்கொண்டோம். அத்தான் மூலம் தளத்தின் முகவரியைச் சொல்லியனுப்பினேன். அங்கே போய்க் கேட்டால் தளம் அவளுக்கு ஒரு லிங்க்கை மெயிலில் அனுப்பும், அதைத் தொட்டுப் பாஸ்வேர்டை அவளே வைத்துக்கொள்ளலாம். மாதங்கள் போயின, அவள் எட்டிப் பார்க்கவே இல்லை. திமிர் என்று நினைத்தேன்.

இன்று காலை மனைவி சொன்னாள்: "என் தம்பி பாஸ்வேர்டை மறந்துட்டானாம். உங்க தளத்துலேருந்து மெயிலே வரலையாம்."

சுருக்கென்றது. தளத்துக்கு மெயில் அனுப்பும் வசதியை நான் அமைக்கவே இல்லை. அப்படியானால் அக்கா?

அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. மெயில் கம்பெனியின் சர்வர் பெயரைப் போட்டேன், போர்ட் எண்ணை மாற்றினேன், மனைவிக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பினேன்.

"வந்துச்சா?"

"வரல. குட்டி போட்ட பூனை மாதிரி நடக்காம ஒரு இடத்துல உட்காருங்க."

மெயில் கம்பெனிக்கு என் வழக்கமான பாஸ்வேர்டு போதாதாம். இதற்கென்று தனியாக ஒன்று வாங்க வேண்டுமாம். வாங்கிப் போட்டேன்.

"வந்துருச்சுங்க."

அதோடு நிற்கவில்லை. போக வழியில்லாமல் வரிசையில் முடங்கிக் கிடந்த பழைய மெயில்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அக்காவுக்கு. மறுபடி அக்காவுக்கு. மறுபடியும் அவளுக்கே. பாஸ்வேர்டு கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்: அந்த லிங்க் எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் செல்லாது.

நம்பரைத் தேடுவதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"ஏண்டா, கேலி பண்றியா? இத்தனை மெயில் வந்திருக்கு, எதைத் தொட்டாலும் காலாவதின்னு சொல்லுது."

"தப்பு என்னோடதுக்கா. மெயில் போகவே இல்ல, இன்னிக்குத்தான் சரி பண்ணேன். நீ இத்தனை தடவையா கேட்ட?"

"அம்மா முகம் சட்டுனு ஞாபகத்துக்கு வராத அன்னிக்கெல்லாம் கேட்டேன்."

"இப்போ ஒரு தடவை கேளுக்கா. உடனே வரும்."

காத்திருந்தேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா, வந்துச்சா? உள்ள போக முடியுதா? இல்லன்னா நான் வேற மாதிரி…"

"கொஞ்சம் சும்மா இருடா. அம்மாவைப் பார்த்துட்டிருக்கேன்."