ஆமாஞ்சாமியின் இடது காது

பட்டறையில் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். தகரத்தை நசுக்கிய பிரஸ் மெஷின் அவன் காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அதிலிருந்து யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவான். ஆட்டாவிட்டால் எதிராளி திரும்பச் சொல்வான், பிறகு கத்துவான், கத்தும்போது அவன் முகம் கோணும். அந்தக் கோணலைப் பார்ப்பதைவிடத் தலையாட்டுவது சுலபம்.

"என்னப்பா ஆமாஞ்சாமி, உன் மீசையை வழிச்சிடலாமா?" என்று மேஸ்திரி ஒருநாள் கேட்டார். ஆட்டினான். பட்டறையே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். எதற்குச் சிரித்தோம் என்பதைச் சாயங்காலம் கூட்டாளி சைகையில் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டான்.

வலது காது அடியோடு செத்துவிட்டது. இடது காதில் மட்டும் ஒரு பொட்டு உயிர் இருந்தது. மகள் அதில் வாயை ஒட்டவைத்து "அப்பா" என்று கத்தினால், போர்வைக்குள்ளிருந்து யாரோ தட்டுவது போல 'ம்பா' என்று ஒன்று வரும். அவள் பேச ஆரம்பிப்பதற்குள் அவன் காது போய்விட்டது. ஆகவே மகளின் குரல் என்றால் அவனுக்கு அந்த 'ம்பா'தான். சாவதற்குள் அவள் குரலை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவனுக்கு இல்லை.

காதில் மாட்டும் மெஷினெல்லாம் உதவாது என்றான பிறகு, ஆஸ்பத்திரி டாக்டர் காதுக்குள்ளேயே கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் பற்றி எடுத்துச் சொன்னார். மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த பெரிய காது ஒன்று இருந்தது. அதற்குள்ளே நத்தை ஓடு மாதிரி ஒன்று. டாக்டர் அந்த நத்தைக்குள் மெல்லிய கம்பியை நுழைத்துக் காட்டினார். கம்பி போவது கண்ணுக்குத் தெரிந்தது. பேச்சுதான் பிடிபடவில்லை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிறவன் அவன். டாக்டரோ மாஸ்க் போட்டிருந்தார். துணி உப்புவதும் ஒட்டுவதுமாக இருந்தது. நடுநடுவே நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தார். நிறுத்திய இடத்திலெல்லாம் அவன் தலையாட்டினான்.

பக்கத்தில் இருந்த மனைவிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மனுஷனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் அதைத் திரும்பப் பேசவும் இல்லை.

அடியோடு செத்த காதில் பலன் குறைவு என்று இடது காதில் ஆபரேஷன் நடந்தது. காதுக்குப் பின்னால் போட்ட தையல் ஆறிய பிறகு, மெஷினை ஓடவிடும் நாளும் வந்தது. அதற்கென்றே இருந்த ஒரு பெண், வட்டமான சின்னக் காந்தத்தை அவன் மண்டையில் வைத்தாள். அது டக்கென்று ஒட்டிக்கொண்டது. மாஸ்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "சத்தம் வந்தா மட்டும் தலையாட்டுங்க ஐயா" என்றாள்.

கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு அவள் நிமிரும்போதெல்லாம் அவன் ஆட்டினான். அவளுக்குச் சந்தேகம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு சும்மா பார்த்தாள். அதற்கும் ஆட்டினான்.

"ஐயா, நான் இப்ப எதுவுமே அனுப்பலையே!"

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஒருவழியாக முடித்து, மகளைப் பேசச் சொன்னாள்.

"அப்பா, கேக்குதா?" என்று மகளின் உதடு சொன்னது. காதுக்குள் கீச்சென்று ஏதோ கிழிந்தது. அச்சில் சிக்கிய தகரத்தை இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். காது நன்றாக இருந்த காலத்தில் அவன் பல்லைக் கூசவைத்த அதே சத்தம்.

"மெஷின் ரிப்பேரு. இவ குரலைக் காணோம்" என்றான்.

"ரிப்பேர் இல்லீங்க. மூளைக்கு இது புதுசு. தினமும் மாட்டிக்கிட்டு, மாசக்கணக்கா கேட்டுப் பழகணும். அப்புறம்தான் பேச்சாப் புரியும். எவ்வளவு புரியும்னு ஆளுக்கு ஆள் மாறும். டாக்டர் சொல்லலையா?"

அவன் மனைவியைப் பார்த்தான்.

"சொன்னாருங்க. காதுல மிச்சமிருக்கிறது போனாலும் போயிடும்னுகூடத்தான் சொன்னாரு" என்றாள் அவள். "நீங்கதானே எல்லாத்துக்கும் தலையாட்டினீங்க?"

மிச்சமிருக்கிறது. அவள் உதட்டில் அந்த ஒரு சொல் துல்லியமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கழற்றி அலமாரியில் வைத்தான். கட்டிலில் உட்கார்ந்து இடது காதைத் தொட்டுக் காட்டினான். "பழையபடி கூப்பிடு."

"அதை மாட்டிக்கிட்டுத்தானேப்பா பழகணும்?"

"ஒரே ஒரு தடவை, கண்ணு."

மகள் வாயை ஒட்டவைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு சூடாகப் பட்டது. அவள் தாடை அதிர்ந்தது அவன் கன்னத்தில் தெரிந்தது. போர்வைக்குள் யாரும் தட்டவில்லை. இன்னும் அழுத்தி, இன்னொரு தரம் கத்தினாள். எதிர்வீட்டுக்காரன் ஜன்னலில் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறாள். ஒன்றுமே வரவில்லை.

விலகி நின்று முகத்தைப் பார்த்தாள். "கேட்டுச்சாப்பா?"

அவன் தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டலை அவளுக்குத் தெரியாதா? மெஷினை எடுத்துவந்து அவன் காதில் மாட்டினாள். காந்தம் டக்கென்று ஒட்டியது. அவள் அழுகிறாள் என்று கண் சொன்னது. காதுக்குள் தகரம் கிழிந்துகொண்டே இருந்தது.