எந்தக் காது, எவ்வளவு நாளாக?

தம்பிக்குக் காது மந்தம். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், தம்பி ஒருவன்தான் ஒப்புக்கொள்ள மாட்டான். ஐம்பத்திரண்டு வயதான அவன் காது மெஷின் ரிப்பேர் செய்கிறவன்; அவனுடைய அக்கா காது டெஸ்ட் எடுக்கிறவள்; இருவரும் ஒரே மாடியில், பன்னிரண்டு அடி தள்ளித் தள்ளி உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கை. அக்காவுக்கோ மூன்று வருடமாக நெஞ்சில் கிடக்கிற பாரம்.

ஒருநாள் துணிந்து கேட்டும் பார்த்தாள். "சும்மா ஒரு தடவை வந்து உக்காருடா. பத்து நிமிஷம்தான்." அவன் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசியதும் "சின்ன ஸ்க்ரூ டிரைவர் எங்கே?" என்பதோடு சரி. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடை போன் அடித்தால் அவளே ஓடினாள். "லைன் சரியில்லை" என்று அவன் தள்ளிவிடும் போனில் அவளுக்கு மட்டும் எல்லாம் கணீரென்று கேட்கும்.

இந்த நிலையில்தான் வெப்சைட் விவகாரம் கிளம்பியது. பதினோரு வருடத்துக்கு முன்னால் தம்பி தானே உட்கார்ந்து செய்த வெப்சைட் அது. மெஷின்களின் படங்கள், பேட்டரி மாற்றும் முறை, காதுக்குள் என்னென்ன இருக்கிறது என்கிற வரைபடம் என்று ஒன்றுவிடாமல் போட்டிருந்தான். கம்ப்யூட்டரில் பார்த்தால் ஜோராக இருக்கும். போனில் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஒருநாள் கடைப் படிக்கட்டிலேயே நின்று ஒரு பெரியவர் அதை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்ததையும், பெரிதாக்கினால் ஒரே எழுத்து, சிறிதாக்கினால் ஒன்றுமே இல்லை என்று அலுத்துப்போய், கதவைத் தட்டாமலேயே இறங்கிப் போனதையும் அக்கா கண்ணால் பார்த்தாள்.

"மாத்தணும்டா" என்றாள்.

"எதுக்கு? நம்மகிட்ட வர்றவங்க வயசானவங்க. வீட்ல நிதானமா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துதான் பாப்பாங்க."

அவன் சொன்னால் ஆயிற்றா? அக்கா தன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். மகளின் கணவருக்கு வெப்சைட் செய்வதுதான் தொழில். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் மாப்பிள்ளை முறுக்கு மட்டும் ஒரு சுற்றும் தளரவில்லை. ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்து, கணக்கெடுத்துச் சொன்னார். "பத்துப் பேர் வந்தா ஏழு பேர் போன்லதான் வர்றாங்க, அத்தை. பத்தே செகண்ட்ல ஓடிடறாங்க."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. மாற்றுவது என்று அப்போதே முடிவாகிவிட்டது. எப்படி மாற்றுவது என்பதுதான் பாக்கி. தனியாக ஒரு ஆப் செய்யலாம் என்றார் மாப்பிள்ளை. டவுன்லோட் செய்யத் தெரியாமல் பாதிப் பேர் அதற்கும் மாடியேறி வருவார்கள் என்று அக்கா தடுத்தாள். போனுக்கென்று வேறொரு வெப்சைட் வைத்தால் விலை மாறும்போதெல்லாம் இரண்டிலும் திருத்த வேண்டும். கடைசியில், இருக்கிற பக்கங்களே திரையின் அகலத்துக்குத் தகுந்தபடி மடங்கி உட்காரட்டும் என்று தீர்ந்தது.

"போன்ல திறந்த உடனே முதல்ல இதுதான் தெரியணும்" என்று மாப்பிள்ளை திரை நிறைய ஒரு பச்சைப் பொத்தானைக் காட்டினார். 'எங்களை அழைக்கவும்.' "ஒரே தட்டு, நேரா உங்களுக்கு போன் வந்துடும். என்ன மாமா, சரிதானே?"

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையாட்டி வைத்தான். அக்காவும் ஆட்டினாள். மாப்பிள்ளை சொல்லி, மறுத்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

பச்சைப் பொத்தான் வந்து இரண்டு வாரமாகியும் போன் மணி கூடுதலாக ஒரு தடவைகூட அடிக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு கணக்கு டீச்சர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், மூச்சுவாங்க மாடியேறி வந்து, கெட்டுப்போன மெஷினை மேஜைமேல் டொக்கென்று வைத்தார்.

"இது ஓடலைன்னுதானே உங்களைத் தேடறேன்? இது இல்லாம நான் போன்ல என்னத்தைக் கேக்கறது? யாருங்க உங்களுக்கு அந்தப் பொத்தானை வைக்கச் சொன்னது?"

அக்காவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. முப்பது வருடம் காதோடு குடித்தனம் நடத்தியவள்! காது கேட்காதவர்களைப் பார்த்து 'போன் பண்ணுங்க' என்று திரை நிறைய எழுதி வைத்திருக்கிறாள். டீச்சரிடம் உரக்க மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டுத் திரும்பினால், தம்பி விளக்கடியில் குனிந்தபடியே சொன்னான்:

"எனக்கு அன்னைக்கே தோணுச்சு."

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கலை?"

அவன் ஒரு ஸ்க்ரூவை எடுத்துத் திருக ஆரம்பித்தான். பதில் சொன்னால், உனக்கு எப்படித் தோன்றியது என்ற கேள்வி வரும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கேட்காமல் விட்டாள்.

மறுநாள் அவன் ஒரு தாளை நீட்டினான். "பொத்தானை எடுத்துட்டு இதைப் போடச் சொல்லு. போன்லயே தட்டி அனுப்பட்டும். நாமளும் எழுத்துலயே பதில் போடுவோம். வாயால பேசற வேலையே இருக்கக் கூடாது."

நாலே கேள்விகள். எந்தக் காது? எவ்வளவு நாளாக? என்ன தொந்தரவு? எப்போது வர முடியும்? மூன்றாவது கேள்விக்குக் கீழே, தொட்டுக் காட்டுவதற்கு வசதியாகச் சில பதில்களையும் அவனே எழுதியிருந்தான். மெஷின் ஓடவில்லை. விசில் அடிக்கிறது. சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை. கூட்டத்தில் சிரிப்பு வரும்போது எதற்கென்று தெரியாமல் நானும் சிரிக்கிறேன்.

அக்கா கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். இதை எந்தப் புத்தகத்திலும் அவள் பார்த்ததில்லை. "நல்லா இருக்குடா" என்று மட்டும் சொன்னாள். மாப்பிள்ளையும் முறுக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே ஏற்றினார்.

முதல் நாளே ஒன்பது பேர் எழுதினார்கள். டீச்சர்கூட 'இப்போது பாஸ்' என்று அனுப்பியிருந்தார். இரண்டாம் நாள் மதியம், டெஸ்ட் அறையில் அக்கா ஹெட்போனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பத்தாவது வந்தது. எந்தக் காது: இரண்டும். எவ்வளவு நாளாக: மூன்று வருடம். என்ன தொந்தரவு என்ற கேள்விக்கு, கடைசிப் பதில். எப்போது வர முடியும்: நீ சும்மா இருந்தால் இப்போதே.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தம்பி மேஜை விளக்கை அணைத்துவிட்டு, கையில் போனோடு உட்கார்ந்திருந்தான். பதில் கட்டத்தில் மாப்பிள்ளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்த 'தாங்கள் வரலாம்' என்பதை அழித்துவிட்டு, 'வாடா' என்று தட்டினாள்.

வந்தான். முகத்தைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தானைக் கையில் வாங்கிக்கொண்டான். அக்கா கனத்த கதவைச் சாத்தி, டெஸ்ட் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தினமும் அவனோடு பேசுகிற அளவு சத்தத்தை முதலில் விட்டாள். அவன் அழுத்தவில்லை. இத்தனை நாளும் அவள் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறான். ஒரு படி கூட்டினாள். இன்னொரு படி கூட்டினாள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தான்.

பிறகு மெதுவாகத் திரும்பி, "என்னக்கா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டான்.

"இதோடா" என்று கையைக் காட்டிவிட்டு, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு படி கூட்டினாள்.