ஜாமீன் கையெழுத்து

தங்கை கல்யாணத்துக்காகக் கருப்பசாமி பண்ருட்டித் தவணைக் கடையில் பீரோவும் கட்டிலும் எடுத்தபோது, கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்.

"பெர்மனென்ட் ஆள் யாராவது ஜாமீன் போடுறாங்களா?"

நெய்வேலிச் சுரங்கத்தில் கருப்பசாமி மாதிரிக் கான்ட்ராக்ட் ஆளின் கையெழுத்துக்கு என்ன மரியாதை என்று ஊருக்கே தெரியும். கான்ட்ராக்டர் மாறினால் அவன் கதை முடிந்தது. பெர்மனென்ட் ஆள் என்றால் கோர்ட்டு மூலம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். கூடவே சுரங்கத்தில் வேலை பார்த்த பெர்மனென்ட் ஆள் நல்லசாமி, மூன்று பிள்ளைக்காரர், மறுபேச்சில்லாமல் ஜாமீன் போட்டுக் கொடுத்தார்.

பீரோ தங்கையோடு சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டது. அடுத்த வருஷமே கான்ட்ராக்டர் மாறினான். வந்தவன் தன் ஊர்க்காரர்களையே லாரியில் ஏற்றிவந்தான். கருப்பசாமிக்கு வேலை போயிற்று, தவணையும் நின்றது. இரண்டு பேருக்கும் சம்மன் வந்தது.

டீக்கடைக்கு டீக்கடை ஒரு வக்கீல் உண்டல்லவா? கம்மாபுரத்துச் சடையப்பன் அந்த ரகம்.

"அது என் கையெழுத்தே இல்லன்னு சொல்லிட்டு வந்துடு. பெர்மனென்ட் ஆளு ஒருத்தன் மாட்டிக்கினு இருக்கான்ல? கடைக்காரன் அவன்கிட்ட வாங்கிக்குவான்."

கேட்கவே கூசியது. ஆனாலும் கருப்பசாமியின் மனம் அதையே சுற்றிச் சுற்றி வந்தது. வீட்டு நிலைமை அப்படி.

"அந்த அண்ணன் பிள்ளைங்க சோத்துல கை வைக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி தமயந்தி.

"நம்ம பிள்ளை சோத்துக்கு நீ வழி சொல்லு" என்று எரிந்து விழுந்தான்.

வாய்தா அன்று பஸ்ஸில் நல்லசாமியும் இருந்தார். லீவு போட்டு வந்திருந்தார். ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். கோர்ட்டு வாசலிலும் அவர் தள்ளியே நின்றார். கோபம் இருக்காதா என்று நினைத்துக்கொண்டான் கருப்பசாமி.

டவாலி அவன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். பத்திரத்தை அவன் முன்னால் நீட்டினார்கள்.

"இது உன் கையெழுத்துதானா?" என்று கேட்டார் முன்சீப்.

அவனுடைய கோணல் எழுத்துக்குக் கீழே நல்லசாமியின் கையெழுத்து இருந்தது.  அதைப் பார்த்தபிறகு கருப்பசாமிக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"என்னுதுதாங்க. கடன் நிசந்தாங்க. வேலை போயிடுச்சு. பலாப்பழம் வாங்கி டவுன்ஷிப்புல பிளாக் பிளாக்கா வித்துக்கினு இருக்கேன். மாசம் முப்பது ரூபா கட்டிடுறேங்க. அண்ணன் சம்பளத்துல மட்டும் கை வைக்காதீங்க."

கடைக்காரரின் வக்கீல் குதித்தார். முன்சீப் அவரைக் கையமர்த்திவிட்டு, முப்பது ரூபாய்த் தவணை என்றும், அது ஒழுங்காக வரும்வரை ஜாமீன்தாரரைத் தொடக்கூடாது என்றும் எழுதினார். அடுத்துக் கூண்டேறிய நல்லசாமி, கையெழுத்து தன்னுடையதுதான் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

வெளியே வந்ததும் கருப்பசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எம்மேல கோவமா அண்ணே?"

நல்லசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோவமா? அது என் கையெழுத்தே இல்லன்னு சொல்லிடத்தான்டா நானும் வந்தேன். நல்லவேளை, உன்னை மொதல்ல கூப்பிட்டாங்க."