மறிக்க இயலாத பாதைகள்

மூளை என்பது தனித்தனி அறைகளால் மட்டும் ஆனதன்று. அவ்வறைகளுக்கிடையே ஓடும் பாதைகளாலும் ஆனது. வேலணைத் தீவின் தோட்டக்காரர் ஆழ்வாப்பிள்ளை இவ்வுண்மையைத் தமது அறுபதாவது வயதில், யாழ்ப்பாணத்து வைத்தியர் ஜெனீற்றாவின் மேசைக்கு முன்னால் அமர்ந்து அறிந்துகொண்டார். அருகில் அவருடைய மகள் தர்சனா இருந்தாள். அவளுக்குச் சிறுவயதில் தொடங்கிய வலிப்பு எந்த மருந்துக்கும் மசியவில்லை. சத்திரசிகிச்சை ஒன்றே எஞ்சிய நம்பிக்கை. அந்நம்பிக்கையின் மிகுதியால், வலிப்பு வரும்போது மகளின் கையில் வைக்கும் இரும்புத் திறப்பை, அந்தப் பழைய சாவியை, அன்று காலை அவர் வீட்டு ஆணியிலேயே விட்டு வந்திருந்தார்.

"இடது காதுக்கு உள்பக்கத்திலதான் தொடங்குது எண்டு நினைச்சனாங்கள் ஐயா," என்றார் வைத்தியர், கொழும்பிலிருந்து வந்த படத்தைக் காட்டி. "வலப்பக்கமும் தன்பாட்டில தொடங்குது. ரெண்டும் ஒண்டோடொண்டு இறுகிப் பிணைஞ்சு கிடக்கு."

"பண்ணைப் பாலத்தை மறிச்சால் வேலணை பஸ் ரவுணுக்குப் போகாதெல்லோ டொக்டர்? அப்பிடி மறிச்சுவிட ஏலாதோ?"

"ரெண்டு கரையிலயும் பஸ் வெளிக்கிடுது ஐயா. ரெண்டு பக்கத்தையும் வெட்டினால் பிள்ளைக்குப் புதுசா ஒண்டும் ஞாபகத்தில நிக்காது. வெட்ட ஏலாது."

"அப்ப அந்தக் கை? வலிப்பு வந்தால் துளாவித் துளாவித் திறப்பைக் கேக்குமே?"

"கை ஒண்டும் கேக்கேல்லை ஐயா. அதுவும் வலிப்புத்தான்."

தர்சனா சிரிக்க முயன்றாள். "கேளுங்கோ அப்பா. இவ்வளவு காலமும் அந்தக் கறள் பிடிச்ச சாமானை என்ர கைக்குள்ள திணிச்சனீங்கள்."

திரும்பும் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியபோது அவள் மூக்கைச் சுளித்தாள். "அப்பா, எள்ளுக் கருகுது."

இருபுறமும் கடலைத் தவிர எதுவும் இல்லை. வலிப்பு எப்போதும் அந்த மணத்தோடுதான் வரும். கண்கள் நிலைத்தன, வாய் எதையோ மென்றது, கை மடியைத் துழாவத் தொடங்கியது.

"அண்ணை, இரும்பைக் குடுங்கோ!" என்று கொண்டக்டர் கத்தினார். "பாத்துக்கொண்டு இருக்கிறியள், தகப்பனோ நீங்கள்?"

முன் இருக்கைப் பெண் தன் வீட்டுத் திறப்பை நீட்டினாள். அதனால் பயன் யாதுமில்லை என்பதை ஆழ்வாப்பிள்ளை இப்போது ஐயந்திரிபற அறிவார். அறிந்தும் வாங்கினார், மகளின் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் அதைப் பற்றவில்லை. திறப்பு வழுக்கி மடியில் விழ, கை வெறும் துணியையே துழாவிக்கொண்டிருந்தது. அவர் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். வேறு செய்வதற்கு ஒன்றுமிருக்கவில்லை.

மண்டைதீவுச் சந்தி கழிந்த பின்னரே அவள் மீண்டாள். மடியில் கிடந்ததை எடுத்துப் பார்த்தாள்.

"இது ஆரின்ர திறப்பு? நாங்கள் இப்ப போறமோ, வாறமோ?"

"வாறம் பிள்ளை."

"ஒப்பரேசனுக்கு நாள் குடுத்திட்டாவோ?"

காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது இருந்த அதே வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. ஆழ்வாப்பிள்ளை திறப்பை வாங்கி, வேட்டியில் துடைத்து, உரியவளிடம் கொடுத்தார். கொடுத்த பின்னரும் நெடுநேரம் முன்னாலேயே குனிந்திருந்தார்.

"அப்பா," என்றாள் தர்சனா. "உங்களைத்தான் கேட்டனான்."